ஐடி பேண்ட் இறுக்கம்: நீட்டவா, உருட்டவா, வலுவாக்கவா?

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி ஓடும்போது மூச்சு வாங்கியதைத் தவிர ஒரு தொந்தரவும் இல்லை. மேலே ஒரு டீ குடித்துவிட்டு இறங்க ஆரம்பித்தேன். ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில், வலது முழங்காலின் வெளிப்புறத்தில் யாரோ குண்டூசியால் தொட்டது போல இருந்தது. ஏழாவது வளைவு வருவதற்குள் அது கத்தியாகிவிட்டது. நின்றால் வலி காணாமல் போகும். நடந்தால் சமாளிக்கலாம். பத்து அடி ஓடினால் மறுபடியும் அதே இடம், அதே குத்து. அந்த வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு எந்தப் பலகையும் கண்ணில் படவில்லை. முழங்காலை மடக்காமல், பொய்க்கால் குதிரை ஆட்டக்காரர் மாதிரி விறைப்பாக நடந்தே கீழே வந்தேன்.

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறிச் சென்னை வந்து சேர்வதற்குள் யோசனைகள் குவிந்துவிட்டன. கூட ஓடுகிற ஒருவர், "ஐடி பேண்ட் இறுகிப் போச்சு, நல்லா ஸ்ட்ரெட்ச் பண்ணுங்க" என்றார். தொடையின் வெளிப்புறமாக ஓடும் பட்டையைச் சொல்கிறார். இன்னொருவர், "ஃபோம் ரோலர் வாங்கி உருட்டுங்க. உயிர் போகும், ஆனா சரியாயிடும்" என்றார். மேலே படுத்து உருளுகிற கெட்டியான நுரை உருளை அது. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்த பிசியோ, முழங்காலை ஒரு நிமிடம் அழுத்திப் பார்த்துவிட்டு, "இடுப்புக்கு எக்சர்சைஸ் பண்ணணும் சார்" என்றார். வலி முழங்காலில், வைத்தியம் இடுப்பிலா என்று எனக்கு எரிச்சல்.

அலுவலகம் போகிறவனுக்குக் காலையில் கிடைப்பது 20 நிமிடம். மூன்றையும் செய்ய முடியாது. எதற்கு அந்த நேரத்தைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. மூன்றையும் வெவ்வேறு வாரங்களில் செய்து பார்த்து, கைக்குக் கிடைத்த ஆய்வுகளையும் படித்த பிறகு நான் வந்து சேர்ந்த கணக்கு இது: 15 நிமிடம் இடுப்புக்கு, 5 நிமிடம் நீட்டலுக்கு. ரோலர் டிவி பார்க்கும்போது வேண்டுமானால். இவை எல்லாவற்றையும் விடப் பெரியது ஓட்டத்தில் செய்கிற மாற்றம், அதற்கு நேரமே தேவையில்லை. நான் மருத்துவன் இல்லை, கால் வலித்தவன் மட்டுமே.

முதலில், இந்தப் பட்டை என்ன?

ஐடி பேண்ட் என்றதும் என் மாமா, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும் நாடா என்று நினைத்துக்கொண்டார். "அது இறுகினா கழட்டி வெச்சிட வேண்டியதுதானே?" இதன் முழுப்பெயர் இலியோடிபியல் பேண்ட். இடுப்பெலும்பின் விளிம்பில் ஆரம்பித்து, தொடையின் வெளிப்புறமாக இறங்கி, முழங்காலைத் தாண்டி, கீழ்க்கால் எலும்பில் இருக்கும் ஒரு சின்ன மேட்டில் போய் ஒட்டுகிறது. ஒரு காலில் நின்று முழங்காலை லேசாக மடக்கி, முழங்காலுக்கு நான்கு விரல் மேலே வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நாடாக் கட்டிலில் புதிதாக இழுத்துக் கட்டிய நாடா மாதிரி விறைப்பாக ஒன்று விரலில் படும். அதுதான்.

இது தசை இல்லை. தானாகச் சுருங்காது, தளராது. கெட்டியான படலம். மேலே இரண்டு தசைகள் அதைப் பிடித்து இழுக்கின்றன. கால்சட்டைப் பாக்கெட் இருக்கும் இடத்துக்குக் கீழே உள்ள டென்சர் ஃபேசியா லாட்டா ஒன்று, பின்பக்கம் பெரிய பிட்டத் தசை இன்னொன்று. அதோடு, தொடை எலும்போடு நெடுக ஒட்டியும் இருக்கிறது. சிம்பன்சிக்கு இப்படி ஒரு பட்டை கிடையாது. இரண்டு காலில் நடந்து ஓடுகிற நமக்குத்தான் உண்டு. ஓடும்போது இது ஸ்பிரிங் போல ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது என்று 2015-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். தொளதொளவென்று இருந்தால் ஸ்பிரிங் வேலை நடக்காது. ஆக, இறுக்கமாக இருப்பதுதான் அதன் இயல்பு. "இறுகிப் போச்சு, தளர்த்தணும்" என்று ஆரம்பிக்கும் பேச்சில் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான்.

வலி ஏன் வருகிறது என்பதிலும் கதை மாறியிருக்கிறது. 1975-இல் ஜேம்ஸ் ரென் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவர், பயிற்சியில் இருந்த மரைன் வீரர்களிடம் இந்த வலியைப் பார்த்து எழுதினார். பட்டை முழங்கால் பக்கத்தில் தொடை எலும்பின் புடைப்பு மேல் முன்னும் பின்னும் உராய்கிறது என்பது அவருடைய விளக்கம். பல வருடங்கள் அதுவே பாடம். 2006-இல் ஜான் ஃபேர்கிளஃப் குழுவினர் உடற்கூறும் எம்ஆர்ஐயும் பார்த்து, பட்டை அங்கே எலும்போடு நார்களால் கட்டப்பட்டிருக்கிறது, உராய்கிற அளவுக்கு நகரவே முடியாது என்றார்கள். அப்படியென்றால் நடப்பது அமுக்கம். பட்டைக்கும் எலும்புக்கும் நடுவே நரம்புகள் நிறைந்த கொழுப்புத் திசு இருக்கிறது, அது நசுங்குகிறது. இந்த விளக்கம்தான் இப்போது பலமாக இருக்கிறது.

நசுங்குவது முழங்கால் ஏறத்தாழ 30 டிகிரி மடங்கியிருக்கும்போது. 1996-இல் ஆஸ்திரேலிய விளையாட்டு மருத்துவர் ஜான் ஆர்ச்சர்ட்டும் அவர் குழுவும் இதைக் காட்டினார்கள். பாதம் தரையில் பட்ட உடனே முழங்கால் அந்தக் கோணத்தைக் கடக்கிறது. இறக்கத்தில் முழங்கால் குறைவாக மடங்கித் தரையைத் தொடுவதால் அந்த ஆபத்தான கோணத்தில் அதிகம் மாட்டுகிறது. வேகமாக ஓடினால் கூடுதலாக மடங்கித் தொடுவதால் தப்பிக்கிறது. ஏலகிரியில் ஏறும்போது வராத வலி இறங்கும்போது வந்த மர்மம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மெதுவாக ஓடினால் பத்திரம் என்று நினைத்து இறக்கம் முழுக்க பிரேக் போட்டுக்கொண்டே ஓடியிருந்தேன். அதுவும் தப்பு.

நீட்டல்

பட்டைக்கென்று பிரபலமான நீட்டல் ஒன்றுதான். வலிக்கும் காலை மற்ற காலுக்குப் பின்னால் குறுக்காகக் கொண்டுபோய் ஊன்றி, இடுப்பை வலிக்கும் பக்கம் தள்ளி, உடம்பை எதிர்ப்பக்கம் சாய்ப்பது. 2002-இல் அமெரிக்காவில் ஐந்து உயர்மட்ட நெடுந்தூர ஓட்டக்காரர்களைக் கேமரா வைத்து அளந்து, இதன் மூன்று வடிவங்களை ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு கைகளையும் கோத்துத் தலைக்கு மேலே தூக்கிச் சாய்வதே மூன்றிலும் நன்றாக இழுத்தது. செய்வதாக இருந்தால் அதைச் செய்யுங்கள். சுவருக்குப் பக்கத்தில் நின்று செய்தால் விழாமல் இருக்கலாம். எண்ணெய் தேய்த்த பாத்ரூம் வாசலில் வேண்டாம், நான் செய்து பார்த்துவிட்டேன்.

ஆனால் எது நீள்கிறது? 2010-இல் இன்னொரு குழு, தானமாக வந்த உடல்களில் பட்டையின் மீதே உணர்கருவி பொருத்திக் காலை நீட்டிப் பார்த்தது. பட்டை அரை சதவீதம்கூட நீளவில்லை. அரை மீட்டர் பட்டை என்று வைத்துக்கொண்டாலும் அது இரண்டரை மில்லிமீட்டருக்குள். விட்டவுடன் பழைய நிலைக்கு வந்துவிடும்.

"உங்களுக்கு ஐடி பேண்ட் டைட்" என்று சொல்ல வைக்கும் பரிசோதனைக்கும் இதே கதி. பக்கவாட்டில் படுக்க வைத்து, மேல் காலைப் பின்னால் இழுத்துக் கீழே விட்டுப் பார்ப்பார்களே, அதற்கு ஓபர் டெஸ்ட் என்று பெயர். பாஸ்டன் நகர எலும்பு மருத்துவர் ஃபிராங்க் ஓபர் 1930-களில் சொன்னது. கால் கீழே இறங்காமல் தொங்கினால் பட்டை இறுக்கம் என்பது கணக்கு. 2016-இல் இறந்தவர்களின் உடலில் அந்தப் பட்டையை வெட்டிவிட்டே இதைச் செய்து பார்த்தார்கள். கால் கூடுதலாக இறங்கவில்லை. பிட்டத்தின் பக்கவாட்டுத் தசைகளையும் இடுப்பு மூட்டின் உறையையும் வெட்டிய பிறகுதான் இறங்கியது. நமக்கு "டைட்" என்று தெரிவது பெரும்பாலும் அந்தத் தசைகளும் உறையும்தான்.

அப்படியானால் நீட்டலே வீணா? இல்லை. மேலே இழுக்கும் தசைகள் தளர்ந்தால் கொஞ்ச நேரத்துக்கு இதமாக இருக்கும். எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவருக்கு அந்த இதம் சின்ன விஷயம் இல்லை. எனக்கு மாலையில் ஒரு பக்கம் 30 விநாடி, மூன்று முறை செய்தால் இடுப்பு லேசாகும். மறுநாள் காலை நான்காவது கிலோமீட்டரில் வலி சரியாக வந்து நிற்கும். ஐந்து வாரம் இப்படிப் போனது.

ரோலர்

1,200 ரூபாய் கொடுத்து, முள் முள்ளாக இருக்கும் கறுப்பு ரோலர் ஒன்று வாங்கினேன். பக்கவாட்டில் அதன் மேல் படுத்து, இடுப்பிலிருந்து முழங்கால் வரை உருள வேண்டும். முதல் நாள் நான் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். "ஏன்டா, வலிக்குதுன்னு தெரிஞ்சும் அதையே போட்டு நசுக்குற?"

அம்மா கேட்டது சரியான கேள்வி. நசுங்குவதால் வலிக்கும் இடத்தை மேலும் நசுக்குவது எப்படி மருந்தாகும்? தொடைப் படலத்தை ஒரு சதவீதம் அமுக்கவோ வழுக்கவோ வைப்பதற்கே மனிதக் கையால் கொடுக்க முடியாத அளவு விசை வேண்டும் என்று 2008-இல் வந்த ஒரு கணித ஆய்வு சொல்கிறது. ரோலரில் படுத்துப் பட்டையின் "முடிச்சுகளை அவிழ்ப்பது" நடக்காத காரியம். உருட்டி முடித்ததும் கால் லேசாக, வளையக்கூடியதாகத் தோன்றுவது உண்மை. ஆனால் அது நரம்பு மண்டலம் வலியைச் சற்று நேரம் அதிகமாகப் பொறுத்துக்கொள்வதால் வருவது. நேரம் போகப் போக மறைந்துவிடும்.

ரோலர் கையில் இருந்தே தீரும் என்றால், முழங்காலுக்குப் பக்கத்தில் வலிக்கும் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள். பாக்கெட் பக்கத் தசை, பிட்டம், தொடையின் முன்பக்கம், இங்கே உருட்டினால் சுகம். பிட்டத்துக்கு ஒரு பழைய டென்னிஸ் பந்தை வைத்துச் சுவரில் சாய்ந்தாலே போதும். தொடைக்குச் சப்பாத்திக் கட்டையும் சும்மா வேலை செய்கிறது, வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். நீட்டலுக்கும் ரோலருக்கும் நடுவில் ஒன்றுதான் என்றால் நான் நீட்டலைச் சொல்வேன். காசு செலவில்லை, வலியும் இல்லை, கிடைப்பது கிட்டத்தட்ட ஒன்றே.

இடுப்பை வலுவாக்குவது

ஓடும்போது தரையில் ஒரு நேரத்தில் ஒரு கால்தான் படும். அந்த நேரம் இடுப்பு எதிர்ப்பக்கமாகச் சரியாமல் பிடித்துக்கொள்வது பிட்டத்தின் பக்கவாட்டில் உள்ள குளூட் மீடியஸ் தசை. அது சோர்ந்தால் இடுப்பு சரியும், தொடை உள்பக்கமாக விழும், பட்டை எலும்பின் மேல் இன்னும் விறைக்கும். நம்முடைய நாலாவது கிலோமீட்டரில் வலி வருவதற்கு இது பொருத்தமான காரணம். முதல் மூன்று கிலோமீட்டர் தசை தாக்குப் பிடிக்கிறது.

2000-இல் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஃப்ரெடரிக்சன் குழு இந்த வலி உள்ள 24 ஓட்டக்காரர்களை அளந்தது. வலிக்கும் பக்கத்து இடுப்பு பலவீனமாக இருந்தது. ஆறு வாரம் இடுப்புப் பயிற்சி கொடுத்தார்கள். 22 பேர் வலியில்லாமல் ஓடத் திரும்பினார்கள். படித்தவுடன் எனக்கும் பரவசம்தான். பிறகு கவனித்தால், அவர்கள் வலி தரும் ஓட்டத்தை நிறுத்தியும் இருந்தார்கள், நீட்டலும் செய்திருக்கிறார்கள், பயிற்சி கொடுக்காமல் விட்டு ஒப்பிட ஒரு குழுவும் இல்லை. பலவீனத்தால் வலி வந்ததா, வலியால் பலவீனம் வந்ததா என்பதும் அதிலிருந்து தெரியாது. அப்படியும் இதை முதலில் வைக்கிறேன். காரணம், இங்கே மட்டும்தான் உடம்பில் ஏதோ ஒன்று உண்மையிலேயே மாறுகிறது. படலம் நீளாது, ஆனால் தசை வலுவாகும். அதை எண்ணிக்கையில் பார்க்கலாம்.

அவர்கள் கொடுத்த முக்கியமான இரண்டும் எளிமையானவை. முதலாவது, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது. எளிமை என்றேனே தவிர, இதை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தப்பாகச் செய்வார்கள் என்று பந்தயம் கட்டுவேன், நானும் செய்தேன். கால் விரல்கள் கூரையைப் பார்த்தால் வேலை முன்தொடைக்கும் பாக்கெட் பக்கத் தசைக்கும் போய்விடும். அது ஏற்கனவே அதிகம் உழைக்கிற தசை, பட்டையை இழுப்பதும் அதுதான். என் பிசியோ சொன்ன வழி: சுவரை ஒட்டிப் படுங்கள். முதுகு, பிட்டம், மேல் காலின் குதிகால் மூன்றும் சுவரில் பட வேண்டும். கால் விரல்கள் நேராக முன்னால் பார்க்கட்டும், கொஞ்சம் தரையைப் பார்த்தாலும் நல்லது. இப்போது குதிகாலைச் சுவரில் தேய்த்துக்கொண்டே ஒரு முழ உயரம் மெதுவாக மேலே கொண்டுபோய், ஒரு விநாடி நிறுத்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். சரியாகச் செய்தால் எட்டாவது முறைக்குள் பிட்டத்தின் மேற்பக்கம், பர்ஸ் வைக்கும் இடத்துக்குச் சற்று மேலே, எரியும். தொடையின் முன்பக்கம் எரிந்தால் குதிகால் சுவரை விட்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டுச் சுவரில் என் குதிகால் வரைந்த சாம்பல் கோடு இன்னும் இருக்கிறது. சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவதைப் படிக்கட்டில் செய்யலாம். வலிக்கும் காலைப் படியின் ஓரத்தில் ஊன்றி, மற்ற காலை வெளியே தொங்கவிட்டு நில்லுங்கள். நிற்கும் காலின் முழங்காலை மடக்காமல், தொங்கும் பக்கத்து இடுப்பை மட்டும் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்ற வேண்டும். அசைவு சில அங்குலம்தான். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே செய்யாத மாதிரி இருக்கும். அபார்ட்மென்ட் படியில் நான் இப்படி நிற்பதைப் பார்த்து, லிஃப்ட் வேலை செய்யவில்லையா என்று கேட்டவர்கள் உண்டு.

இரண்டிலும் ஒரு செட் 15-இல் தொடங்கி, சில வாரங்களில் மூன்று செட், 30 வரை ஏற்றுவது அந்த ஆய்வின் அளவு. முதல் நாள் எனக்கு இடது பக்கம் 22, வலது பக்கம் 11. அந்த 11-ஐப் பார்த்த பிறகுதான் பிசியோ மேல் இருந்த கோபம் போனது. ஆறாவது வாரம் வலது பக்கம் 27 வந்தது. இது லேசாகிவிட்டால் கணுக்காலுக்கு மேலே ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்கிற ரப்பர் பட்டையை மாட்டிப் பக்கவாட்டில் நடப்பது, கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவது என்று போகலாம். கண்ணாடி வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே சரிவதை நம்மால் உணர முடியாது, பார்த்தால்தான் நம்புவோம்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். அலுப்பு. ரோலர் உருட்டினால் அன்றைக்கே ஏதோ நடந்த திருப்தி கிடைக்கும். இதில் மூன்று வாரம் ஒன்றும் தெரியாது. பெரும்பாலோர் விட்டுவிடுவது அந்த மூன்றாவது வாரத்தில்தான். வலி கடுமையாக இருக்கும் முதல் சில நாட்களில் ஒற்றைக் கால் பயிற்சிகளை ஆரம்பிக்கவும் கூடாது. முழங்காலின் வெளிப்புறம் வலித்தால் அந்தப் பயிற்சி அன்றைக்கு வேண்டாம். பிட்டம் எரிந்தால் பரவாயில்லை.

ஓட்டத்தை மாற்றுவது

முழு ஓய்வு எடுத்தால் வலி போகும். திரும்ப ஓடினால் திரும்ப வரும். நான் மூன்று வாரம் சும்மா இருந்து, முதல் நாளே பழைய தூரத்தை ஓடி, பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். அதைவிட, வலி தொடங்கும் தூரத்தைக் கண்டுபிடித்து அதற்குள்ளேயே நிற்பது புத்திசாலித்தனம். எனக்கு நான்கில் வலி என்றால் மூன்று கிலோமீட்டர், ஒருநாள் விட்டு ஒருநாள். இறக்கம் கிடையாது, பாலத்தின் இறக்கம்கூடக் கிடையாது.

சாலையின் சாய்வை நான் கடைசியில்தான் கவனித்தேன். மழைத் தண்ணீர் வடிய நம் சாலைகள் நடுவில் மேடாக, ஓரத்தில் தாழ்ந்து இருக்கும். வண்டிகள் எதிரே வருவது தெரிய வேண்டும் என்று நான் எப்போதும் வலது ஓரமாகத்தான் ஓடுவேன். அதாவது வருடக்கணக்கில் என் வலது கால் பள்ளத்தில், இடது கால் மேட்டில். வலித்தது வலது கால். இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் விடிவதற்கு முன் வண்டியில்லாத தெருவில் நடுவாக ஓட ஆரம்பித்தேன். மைதானம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதிலும் ஒரே திசையில் சுற்றாமல் மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும்.

ஓடும் விதத்தில் இரண்டு சின்ன மாற்றங்களுக்கு ஆய்வுகளின் ஆதரவு உண்டு. ஒரே கோட்டின் மேல் நடப்பது போலக் கால்களைக் குறுக்காக வைக்காமல், பாதங்களுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு ஓடினால் பட்டையின் மேல் விழும் இழுப்பு குறைகிறது. அதே வேகத்தில் அடியை 5 முதல் 10 சதவீதம் சுருக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் முழங்காலுக்கும் இடுப்புக்கும் சுமை குறைகிறது. நிமிடத்துக்கு 160 அடி என்றால் 170 ஆக்கிப் பாருங்கள். முதல் வாரம் பொம்மை ஓடுவது மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும். செலவு பூஜ்யம், அந்த 20 நிமிடத்திலிருந்து ஒரு நொடியும் எடுக்காது. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இதற்கு ஈடானது சீட்டின் உயரம். உயரம் தப்பினால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அந்த 30 டிகிரியில் மாட்டும், நிமிடத்துக்கு எண்பது முறை.

ஊசி, டேப், ஐஸ்

ஐஸ் வலிக்கு இதம், அவ்வளவுதான். வண்ண டேப் ஒட்டிக்கொள்வதைப் பற்றி எனக்கு நல்லதும் கெட்டதும் சொல்ல இல்லை. ஸ்டீராய்டு ஊசி, வலி புதிதாக வந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரத்தில் ஓடும்போது வலியைக் குறைத்ததாக 18 பேரை வைத்து நடந்த 2004-ஆம் வருட ஆய்வு ஒன்று இருக்கிறது. வலி அடங்கினால் பயிற்சியைத் தொடங்க வசதி. வலி போய்விட்டது என்று மறுபடியும் மலை இறங்கினால் ஊசியும் காசும் வீண். மருத்துவர் சொல்லி எடுப்பது வேறு, மராத்தான் நெருங்குகிறதே என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது வேறு.

ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள்

நான் கூடத்தில் காலைக் குறுக்கே போட்டுச் சாய்வதைப் பார்த்து, ஊரிலிருந்து வந்திருந்த சித்தி, "எனக்கும் இந்தப் பக்கம்தான்டா வலி" என்று கூடச் சேர்ந்துகொண்டார். சித்திக்கு 54 வயது. அவர் காட்டியது முழங்கால் இல்லை, இடுப்பின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போய்விடும், படியேறினால் வலிக்கும். பத்து நாள் நீட்டல் செய்ததில் வலி கூடியதுதான் மிச்சம்.

அது வேறு பிரச்சினை. நடுத்தர வயதுப் பெண்களுக்கு அடிக்கடி வருவது. பிட்டத் தசைகளின் தசைநாண் எலும்பில் ஒட்டும் இடத்தில் பழுதுபடுவது. காலைக் குறுக்கே கொண்டுபோகும்போது மேலே இருக்கும் பட்டை அந்தத் தசைநாணை எலும்போடு சேர்த்து அமுக்குகிறது. நமக்குச் சுகமான நீட்டல் அவர்களுக்கு நேரடியாகக் கெடுதல். ஒரு இடுப்பில் சாய்ந்து நிற்பதும் கால் மேல் கால் போட்டு உட்காருவதும் அப்படித்தான். 2018-இல் ஆஸ்திரேலியாவில் இந்த வலி உள்ள 204 பேரை மூன்றாகப் பிரித்து நடந்த சோதனையில், எப்படி நிற்பது, படுப்பது என்று கற்றுக்கொடுத்து இடுப்புப் பயிற்சியும் கொடுத்த குழுவில் எட்டு வாரத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் நன்றாகத் தேறினார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் அது 58 சதவீதம், சும்மா விட்டவர்களில் 29 சதவீதம். சித்தி இப்போது ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொள்கிறார், நீட்டல் பக்கம் வருவதில்லை.

முழங்கால் வீங்கினாலும், மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலும், சும்மா இருக்கும்போதே வலித்தாலும், தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போனாலும் அது இந்தக் கட்டுரையின் விஷயம் இல்லை. காட்டிவிட்டு வாருங்கள்.

சரி, யார் எதை எடுப்பது?

நாற்காலி வேலை, வலி என்று ஒன்றும் இல்லை, தொடை மட்டும் விறைப்பாக இருக்கிறது என்றால் கை தூக்கிய அந்த நீட்டலும், மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பதும் போதும். ரோலர் வாங்காதீர்கள். ஓடும்போது முழங்காலின் வெளிப்புறம் வலி தொடங்கி இரண்டு வாரத்துக்குள் என்றால் தூரத்தைப் பாதியாக்கி, இறக்கத்தை விட்டுவிட்டு, அடியைச் சுருக்குங்கள். அதிலேயே பலருக்கு அடங்கும், பயிற்சியைப் பக்கத்தில் மெல்லத் தொடங்கலாம். மாதக்கணக்கில் போய்த் திரும்பி வரும் வலி என்றால் சுவரும் படியும்தான், குறைந்தது ஆறு வாரம், வாரத்துக்கு நான்கு நாளாவது. நீட்டல் அப்போது துணைக்கறி.

என் கணக்கில் ஏழாவது வாரம் ஐந்து கிலோமீட்டர் வலியில்லாமல் போனது. பத்துக்கு வந்தது மூன்றாவது மாதம். இறக்கத்தைக் கடைசியில் சேர்க்க வேண்டும் என்று பிசியோ சொல்லியிருந்தார். போன மாதம் மறுபடியும் ஏலகிரி போனோம். 14 வளைவும் ஏறி ஓடினேன், இந்த முறை பெயர்ப் பலகைகளையும் படித்துக்கொண்டே. மேலே டீ குடித்துவிட்டு, மற்றவர்கள் ஷூ கயிறை இறுக்கிக்கொண்டிருக்கும்போது, நான் திருப்பத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.